கொல்லிமலையில் மனரம்மியம்: ஈவ்லின் பிராண்டின் வாழ்வில் இறைநம்பிக்கையும் நிறைவும் (1913–1974)

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமய வாழ்வில் 'மனரம்மியம்' எனப்படும் மனநிறைவு, உள்ளதை ஏற்று அடங்கியிருக்கும் நிலையாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. கொல்லிமலையில் பணியாற்றிய ஈவ்லின் பிராண்டின் வாழ்வு இவ்விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. தன் உடைமை, வசதி, வயது ஆகியவற்றில் நிறைவு கண்ட அவர், மலைமக்களின் நோயிலும் தன் மிஷனின் முடிவிலும் நிறைவு காண மறுத்தார். இவ்விரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, மலையாளிப் பழங்குடியினர், மிஷனரி வரலாறு, மனரம்மியம், நரம்புச் சிலந்தி.

முன்னுரை

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள கொல்லிமலை, சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாக அறியப்படுவது. அரப்பளீசுவரர் கோயிலும் கொல்லிப்பாவை பற்றிய தொன்மமும் அதன் பழமைக்குச் சான்றுகள். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் வாழிடங்களை 'நாடு' என்னும் அலகுகளாகப் பகுத்துள்ளனர். தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு முதலியன அவ்வாறு அமைந்தவை. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவர் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினர் என்பது இம்மக்களின் தோற்றக் கதை. கொல்லிமலைக்கு வந்த மிஷனரிகள் பிற மலைத்தொடர்களையும் தம் கடமையாகக் கருதியதற்கு இந்த உறவுப் பின்னணி ஒரு காரணமாகலாம்.

மோட்டார் சாலை இல்லாத காலத்தில் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோதான் செல்ல இயலும். வாழவந்தி நாட்டில் நிலைகொண்ட ஒருவருக்குத் தேவனூர் நாட்டு நோயாளி என்பவர் ஏற்றமும் இறக்கமுமான காட்டுவழிக்கு அப்பால் இருந்தவர். இந்நிலவியலைக் கருத்தில் கொள்ளாமல் பிராண்ட் குடும்பத்தின் வரலாற்றைப் படிப்பதால்தான் அவர்தம் 'எளிமை' வெறும் அறப்பண்பாகத் தோன்றுகிறது. அங்கு எளிமை ஒரு நடைமுறைத் தேவையாகவும் இருந்தது. சுமந்து செல்ல இயலாத எதுவும் அம்மலையில் பயன்படாது.

சொல்லும் பொருளும்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் கையாளும் கிரேக்கச் சொல் 'அவுட்டார்க்கேஸ்' என்பது. தன்னிறைவு என்பது அதன் நேர்ப்பொருள். புற உலகின் எதையும் சாராமல் தன்னுள்ளேயே நிறைந்திருக்கும் ஞானியைக் குறிக்க ஸ்டோயிக் தத்துவவாதிகள் அதனைப் பயன்படுத்தினர். பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் அச்சாணியை மாற்றிவிடுகிறார். அவரிடத்தில் நிறைவின் ஊற்று தான் அன்று, தன்னைத் தாங்கும் கடவுள். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதனை 'மனரம்மியம்' என்று தருகிறது. 'ரம்மியம்' இனிமையைக் குறிப்பதால், மூலத்தில் உள்ள தன்னிறைவுப் பொருள் மறைந்து ஓர் உணர்வுநிலை முன்னிற்கிறது. எனினும் மூலத்தின் மற்றொரு முக்கியக் கூறினைத் தமிழ் இழக்கவில்லை. பவுல் இந்நிறைவைத் தமக்கு வாய்த்த இயல்பாகக் கூறவில்லை, 'கற்றுக்கொண்டதாக'க் கூறுகிறார். அதுவும் சிறையிலிருந்து எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் மடல் அது.

திருக்குறளின் 'அவா அறுத்தல்' அதிகாரத்தோடு இதனை ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஒப்புமை ஓரளவே பொருந்தும். வள்ளுவத்தில் அவ்வதிகாரம் துறவறவியலில் இடம்பெற்று, அவாவை வேரோடு களைவதைப் பேசுகிறது. பவுலின் கற்றல் அவாவைக் களைவதாக அமையவில்லை. நிறைவும் குறைவும் மாறி மாறி வரும் உலகியலுக்குள்ளேயே அது நிகழ்கிறது. ஈவ்லின் பிராண்டின் வாழ்வை அளக்க இரண்டாவது அளவுகோலே உதவும். அவர் எதையும் துறந்து ஒதுங்கியவர் அல்லர்.

வந்து சேர்ந்தவர்கள்

ஜெஸ்ஸி பிராண்ட் 1907ஆம் ஆண்டு ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் இந்தியா வந்தார். கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பமண்டல நோய்கள் குறித்துக் குறுகிய காலப் பயிற்சியும் பெற்றவர். 1879இல் பிறந்த ஈவ்லின் ஹாரிஸ், வசதியான இங்கிலாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஓவியம் பயின்றவர். இருவரும் 1913இல் மணந்து கொல்லிமலையில் குடியேறினர். 1914இல் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தால் உலகப்புகழ் பெற்றார்.

தொடக்க ஆண்டுகளில் சமயப்பணியில் அவர்கள் கண்ட பலன் மிகக் குறைவு. மருந்து வாங்க வந்தவர்கள் மதம் மாற வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பே இதற்குக் காரணம் என்பது குடும்பத்தார் கூறும் செய்தி. இன்புளுவென்சா கொள்ளைநோயில் அப்பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது ஊரார் நெருங்க அஞ்சினர். பிராண்ட் தம்பதியர் பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். மிஷனரி நூல்கள் இதனை வெற்றிக் கதையாகச் சொல்கின்றன. வரலாற்று நோக்கில் கவனிக்கத்தக்கது அதற்கு முந்தைய நீண்ட பலனின்மையே. கண்ணுக்குத் தெரியும் பலன் இல்லாத ஆண்டுகளிலும் பள்ளி, மருந்தகம், அநாதைப் பிள்ளைகள் பராமரிப்பு ஆகியவை நிற்கவில்லை. விளைவைக் கடவுளிடம் விட்டுவிட்டவருக்கே இத்தகைய தொடர்ச்சி கைகூடும்.

1929

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1923இல் ஒன்பது வயதான பாலும் அவர் தங்கையும் கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். தந்தையை மகன் அதன்பின் காணவே இல்லை. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். கடுமையான மலேரியாவின் விளைவாகச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருநிறமாகும் அந்நோய், அக்காலக் கொல்லிமலையில் எவர்க்கும் நேரக்கூடியது. அவருக்கு அப்போது வயது 44. இறப்புச் செய்தியைத் தந்தி விரைவாகக் கொண்டு சேர்த்தது. அவர் மகனுக்கு எழுதிய கடைசிக் கடிதமோ கப்பலில் மெதுவாக, தந்திக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. மலையின் இயற்கை அழகைக் கண்டு மகிழ்ந்ததைப் பற்றியது அக்கடிதம்.

இங்கிலாந்து திரும்பிய ஈவ்லினைக் கண்ட மகன், தன் நினைவில் இருந்த தாயோடு அவரைப் பொருத்திப் பார்க்க இயலாமல் திகைத்ததைப் பின்னர் பதிவு செய்துள்ளார். கூனி, நரைத்து, துயரில் ஒடுங்கிய உருவம் அது. ஈவ்லின் பிராண்டைப் பற்றிய புகழுரைகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடப்பது பிழை. மனரம்மியம் கற்கப்படுவது என்றால், அது இல்லாதிருந்த காலமும் அவ்வரலாற்றின் பகுதியே. 1929இன் ஈவ்லின் நிறைவு கொண்டவர் அல்லர், உடைந்தவர். உறவினர் தடுத்தும் அவர் இந்தியா திரும்பியதை, நிறைவடைந்த ஒருவரின் செயலாகக் கொள்வதைவிட நிறைவைத் தேடிச்சென்ற ஒருவரின் செயலாகக் கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

கீழ்ப்படியாத நிறைவு

அவர் விரும்பிய கொல்லிமலைப் பணியைத் தொடர மிஷன் அவரை விடவில்லை; சமவெளியிலேயே பணியமர்த்தியது. 1947 அளவில், ஏறத்தாழ அறுபத்தெட்டு வயதில், வயதைக் காரணம் காட்டி அவரது பணிக்காலத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மிஷனின் தரப்பிலும் நியாயம் இருந்தது: மருத்துவ வசதியற்ற மலையில் ஒரு முதியவரின் உயிருக்கு அது பொறுப்பேற்க வேண்டியிருந்தது. ஓராண்டு மட்டும் நீட்டிப்பு கேட்டுப் பெற்ற ஈவ்லின், அவ்வாண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்து, தம் பொறுப்பில் மலையேறினார். தம் கணவர் சுவிசேஷம் கொண்டுசெல்ல விரும்பிய ஐந்து மலைத்தொடர்களையும் சென்றடைவது அவர் நோக்கம். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை ஆகியன அவற்றுள் அடங்கும். அதன்பின் தொண்ணூறு வயதையும் கடந்து, எலும்பு முறிவுகளுக்குப் பின்னும், மட்டக்குதிரையிலும் மூங்கில் ஊன்றுகோல்களின் துணையோடும் ஊர் ஊராகச் சென்றார்.

இங்குதான் மனநிறைவு பற்றிய வழக்கமான விளக்கம் தடுமாறுகிறது. மேலிடம் தந்ததை ஏற்பதே மனரம்மியம் என்றால், இச்செயல் அதன் மீறல். ஆனால் அவர் கைவிட்டவை எவை என்று பார்த்தால் தெளிவு பிறக்கும்: ஊதியம், நிறுவனப் பாதுகாப்பு, சமவெளி வீடு. இவை இல்லாமல் வாழ முடியும் என்ற துணிவுதான் மீறலை இயலச்செய்தது. போதும் என்ற மனம் அவரை அடங்கச் செய்யவில்லை. அச்சுறுத்த எவரிடமும் எதுவும் இல்லாத நிலையில் அவரை நிறுத்தியது. இறுதி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று பால் பிராண்ட் எழுதுகிறார். ஓவியப் பயிற்சி பெற்று, காண்பதையே கலையாகக் கொண்ட ஒருவர் செய்தது இது.

நரம்புச் சிலந்தி

மலைமக்களை அவர்களின் வறுமையில் 'மனநிறைவோடு' இருக்கப் பழக்கியது மிஷனரிக் கிறித்தவம் என்னும் குற்றச்சாட்டு, காலனிய வரலாற்றாய்வில் புதிதன்று. பல இடங்களில் அது பொருந்தவும் செய்யும். கொல்லிமலையில் அதனைச் சோதிக்க ஏற்ற களம் நரம்புச் சிலந்தி நோய். நுண்ணிய நீர்த்தெள்ளு கலந்த நீரைக் குடித்தவரின் உடலில் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். அதன் நீளம் ஒரு மீட்டர் வரை இருக்கலாம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ்வைக்கும். ஆதலால் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பர். எரிச்சல் தணியப் படிக்கிணற்றில் கால் நனைக்கும் நோயாளியிடமிருந்து புழுவின் குஞ்சுகள் மீண்டும் நீரில் கலந்து, ஊர் முழுதும் நோய் தொடரும்.

இதற்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, எவரும் நீரில் இறங்காதபடி செய்வதும் நீரை வடிகட்டுவதுமே வழி. ஜெஸ்ஸி பிராண்ட் தொடங்கிய இப்பணியை ஈவ்லின் தம் முதுமையிலும் தொடர்ந்தார். அம்மலையில் நோய் அற்றுப்போனதில் அவர் முயற்சிக்குப் பங்குண்டு. இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் 1980களில்தான் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது 2000இல். துன்பத்தை ஏற்றுக்கொள்ளுமாறு போதித்தவர் கிணறு கிணறாகச் சென்று சுவர் கட்ட வற்புறுத்தியிருக்க மாட்டார். தமக்கென்று வரும்போது அவர் மனநிறைவைக் கைக்கொண்டார். பிறர் துன்பத்துக்கு அதனை மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. இவ்வேறுபாடு முக்கியமானது.

இவ்வரலாற்றின் சான்றுகள் பெரும்பாலும் குடும்பத்தார் நினைவுகளும், டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு போன்ற ஆங்கில நூல்களுமே. அவற்றில் மலையாளி மக்கள் பயன் பெறுவோராகவே தோன்றுகின்றனர். சுவருக்குக் கல் சுமந்தவர்களும், டோலி தூக்கியவர்களும், தொண்ணூறு வயது மூதாட்டியின் குதிரையைப் பிடித்து நடத்தியவர்களும் பெயரற்றவர்கள். அவருடைய நம்பிக்கை கடவுள்மேல் வைத்ததாயினும், நாள்தோறும் அது இம்மக்களின் கைகள் வழியாகவே அவரை வந்தடைந்தது. தேவனூர் நாடு முதலிய நாடுகளில் எஞ்சியிருக்கும் வாய்மொழி நினைவுகளைத் தொகுக்கும் கள ஆய்வு, இந்த மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஈவ்லின் பிராண்ட் 1974 டிசம்பர் 18 அன்று, 95ஆம் வயதில் காலமானார். உடல் எளிய பருத்தித் துணியில் சுற்றப்பட்டு, 45 ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸி பிராண்ட் புதைக்கப்பட்ட வாழவந்தியில், அவர் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.