சிறுவாடும் சம்பள உறையும்



அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் 'உறை முறை' என்ற ஒன்று பெரிதும் பேசப்படுகிறது. மாதச் சம்பளம் வந்தவுடன் அதனை ரொக்கமாக எடுத்து, மளிகைக்கு ஓர் உறை, பள்ளிப் பேருந்துக்கு ஓர் உறை, மின்கட்டணத்துக்கு ஓர் உறை எனப் பிரித்து வைத்துவிட வேண்டும். ஓர் உறை காலியானால் அந்தச் செலவு அந்த மாதத்துக்கு அத்துடன் முடிந்தது. மற்றோர் உறையில் கைவைக்கக் கூடாது. இதுதான் அதன் விதி. இதனை மேற்கிலிருந்து வந்த புதிய உத்தியாகப் பலர் கருதுகின்றனர். இன்னும் சிலர் ஜப்பானை நினைவூட்டுவர். அங்கே ஹானி மோத்தோக்கோ என்னும் பெண் இதழாளர் 1904-ஆம் ஆண்டிலேயே இல்லத்தரசிகளுக்கென வரவு செலவுக் குறிப்பேடு ஒன்றினை வெளியிட்டார் என்பது உண்மையே.

ஆனால், நம் வீடுகளில் இதற்கு நெருங்கிய உறவுடைய பழஞ்சொல் ஒன்று உண்டு. அதுதான் சிறுவாடு. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் வீட்டுச் செலவிலிருந்து மிச்சம் பிடித்துப் பெண்கள் ஒதுக்கி வைக்கும் சிறு தொகை அது. அஞ்சறைப் பெட்டி, அரிசிப் பானை, மைலோ டின், முந்தானை முடிச்சு என அது தங்கிய இடங்கள் பல. உறை முறை சம்பளம் முழுவதையும் வெளிப்படையாகப் பங்கிடுகிறது. சிறுவாடோ ஒரு சிறு பகுதியை மறைவாகக் காக்கிறது. மலாயாத் தோட்டங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே நடந்தன. அங்கே சம்பளம் வீடு வந்து சேருவதற்குள் அதன்மேல் உரிமை கொண்டாடியோர் பலர் இருந்தனர் என்பதே அதற்குக் காரணம்.

ஜொகூரில் 1909-ஆம் ஆண்டு இரயில் பாதை கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை நிறைவுபெற்றது. சிகாமட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அப்பாதையை ஒட்டிய நிலப்பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. தொடக்கக் காலத்தில் கப்பல் செலவும் வழிச்செலவும் முன்பணமாகக் கொடுக்கப்பட்டன. எனவே, தொழிலாளி மரத்தில் முதல் கோடு வெட்டும் முன்னரே கடனாளியாகிவிட்டார். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தமிழர் குடிநுழைவு நிதி உருவாக்கப்பட்டு, முதலாளிகள் அனைவரும் அதற்குப் பங்களிக்க வேண்டும் என்றானது. பயணச் செலவு அந்நிதியின் பொறுப்பாயிற்று. வந்தவர் கடனின்றி வந்திறங்க வழி பிறந்தது. ஆயினும் கங்காணியின் பிடி தளரவில்லை. தமக்குக் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அவர் பெற்ற தொகைக்குத் 'தலைக்காசு' என்று பெயர். ஒருவர் பெரட்டுக்கு வராமற் போனால் கங்காணிக்கும் நட்டம் என்பதால், தொழிலாளியின் உடல்நலத்தைவிட அவருடைய வருகையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

சம்பளம் எவ்வளவு? 1920-களின் இறுதியில் முதன்மைப் பகுதிகளில் அரசு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930-இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அரிசியும் கருவாடும் வாங்கிய பின் அதில் எத்தனை உறை போட முடியும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிக்கனத்தைப் பற்றி உரையாற்றும் நம் நண்பர்கள் பலர் இந்த எண்களைச் சொல்லாமலேயே உரையாற்றிவிடுகின்றனர். அது எனக்கு எப்போதும் சற்று வருத்தமளிப்பது.

எஞ்சிய காசுக்கும் பகை இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின்னர்க் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரியில் பீடோங் அருகே அவர்களுக்கும் காவல்துறையினருக்கும் மோதல் ஏற்பட்டது. இவற்றை நாம் பொதுவாக ஒழுக்கப் போராட்டமாகவே எழுதி வருகிறோம். வீட்டுக் கணக்கை வைத்துப் பார்த்தால், அது அரிசிப் பணத்துக்கான போராட்டமும் ஆகும்.

பின்னர் வந்த 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மதுக்கடையிலோ கேளிக்கை இடத்திலோ சில்லறைக் கடையிலோ தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. அங்கேயே வேலை செய்வோருக்கு மட்டும் விலக்கு. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. சம்பளம் எந்த நாளில், எந்த இடத்தில் கைமாறுகிறது என்பது வீட்டுச் சிக்கனத்தின் முதல் படி என்பதைச் சட்டம் எழுதியோர் உணர்ந்திருந்தனர். அச்சட்டம் சம்பள மேசையைக் கள்ளுக்கடையிலிருந்து விலக்கியது. கள்ளுக்கடையைத் தோட்டத்திலிருந்து விலக்கவில்லை.

இனி, சேமித்தோர் கதைக்கு வருவோம். சேமித்தோரையும் காலம் ஒருமுறை வஞ்சித்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகளே இங்கு புழங்கின. பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் இருந்ததால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டுகள் செல்லாதவையாயின. டின்னுக்குள் கட்டுக் கட்டாக வைத்திருந்தோருக்கு மிஞ்சியது அடுப்பெரிக்கும் தாள். நம் பாட்டிமார் உறையை நம்பாமல் ஒரு குண்டுமணி பொன்னையே நம்பியதற்குச் சிலர் ஆசை, ஆடம்பரம் என்று காரணம் சொல்வர். அந்த மூன்றரை ஆண்டுகளை எண்ணிப் பார்த்த பின்னர் அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

போருக்குப் பின் சம்பளத்தைப் பிரித்து வைக்கும் வேலையின் ஒரு பகுதியைச் சட்டமே எடுத்துக்கொண்டது. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-இல் வந்தது. தொழிலாளியிடம் ஐந்து விழுக்காடு, முதலாளியிடம் ஐந்து விழுக்காடு எனப் பிடித்தம் தொடங்கிற்று. கணவன் மனைவி இருவருமே திறக்க முடியாத முதல் உறை என்று இதனைச் சொல்லலாம். விருப்பத்தின் பேரில் போடும் உறைகளும் இருந்தன. அரசாங்க ஊழியர்களிடையே சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1922-ஆம் ஆண்டு முதலே பதிவுபெற்று வந்தன. அவ்வாண்டு ஜூலையில் பதிவான அஞ்சல், தொலைத்தொடர்பு ஊழியர்களின் சங்கம் அவற்றுள் முதலாவது.

தோட்டத் தமிழருக்கு மறக்க முடியாத உறை 1960-இல் வந்தது. அக்காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று பங்கு சேர்த்தார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். நாட்கூலி பெற்ற குடும்பத்தில் பத்து வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும்? ஆண்கள் மேடைப் பேச்சைக் கேட்டுக் கை தட்டினர்; அந்தத் தவணையில் பல அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சங்கத்தின் முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் 1961-இல் வாங்கப்பட்டது. சிறுவாடு நிலமாக மாறிய அரிய தருணம் அது. கூட்டுறவு வரலாற்றை எழுதியோர் தலைவர்களைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அந்தப் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்த பெண்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியுள்ளனர்.

பெண்கள் தங்களுக்குள் நடத்திய மற்றொரு முறை சீட்டு. பத்துப் பேர் மாதம் இவ்வளவு எனப் போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பர். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மகளின் திருமணம், கூரைக்குத் தகரம் என்று அது உதவியது. உறையைவிடச் சீட்டு வலிமையானது. உறையை நாமே பிரித்துவிடலாம். சீட்டுக்குப் போட்ட பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க இயலாது, தவணை கட்டாவிட்டால் அடுத்த வீட்டாரின் முகத்தில் விழிக்க இயலாது. ஆனால், பொறுப்பாளர் பணத்துடன் தலைமறைவானால் எல்லாம் போயிற்று. 1971-ஆம் ஆண்டு மலேசிய அரசு இதனைச் சட்டத்தால் தடை செய்தது. ஆங்கிலத்தில் உள்ள அச்சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இடம்பெற்றிருப்பது தமிழாசிரியர்களுக்கு ஒரு சுவையான செய்தி. 1974 டிசம்பரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணிகளை ஏற்றுத் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று. சிறு தொகைக்கும் கணக்குப் புத்தகம் கிடைத்தது.

இந்த உறைகளுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்கும் குறிப்பேடு. சில்லறைக் கடைக்காரர் நாம் வாங்கிய சீனியையும் மண்ணெண்ணெயையும் அதில் எழுதி வைப்பார். சம்பள நாளன்று கூட்டி வாங்கிக்கொள்வார். கையில் காசு தீர்ந்தாலும் புத்தகத்தில் பக்கம் தீர்வதில்லை. உறை 'போதும்' என்று சொல்லும் இடத்தில் 555 'இன்னும் வாங்கு' என்று சொல்லும். இன்றைய கடன் அட்டையும் கைப்பேசிப் பணப்பையும் இந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள்தாம். ஒரே வேறுபாடு, அக்கடைக்காரருக்கு நம் வீட்டு நிலைமை தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த மாதம் தரலாம் என்பார்.

செம்பனையின் வருகைக்குப் பின்னரும், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னரும் நம் மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் எனக் குடிபெயர்ந்தனர். பலர் விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சம்பளம் வங்கியில் விழுகிறது. பழுப்பு நிறக் கவர் அரிதாகிவிட்டது. பணத்தைத் தொட்டு எண்ணிப் பிரிக்கும் அந்த மாலை நேரம் மறைந்ததால்தான் உறை முறை இன்று புதியதுபோல் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். சேமநிதி வாரியமும் 2024 மே மாதம் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர் கணக்கை மூன்றாகப் பிரித்தது. புதிதாக வரும் சந்தாவில் ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10 விழுக்காடு. மூன்று மைலோ டின்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணிதப் பாடத்தில் 'பணம்' என்ற தலைப்பு வந்தபோது, அந்தத் தொகையைத் தாள் பணமாகக் கொடுத்து மாணவர்களை உறைகளில் பிரிக்கச் சொன்னேன். வாடகையும் மளிகையும் போட்டு முடித்ததும் பெரும்பாலான குழுக்களில் உறைகள் மீந்தன, பணம் மீளவில்லை. சிறுவாடு என்ற சொல்லை ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி, தன் பாட்டி சிறுவாடு வைத்த மூன்று இடங்களை எழுதி வந்தாள். அவற்றுள் ஒன்றை மட்டும் வகுப்பில் படித்துக் காட்டக் கூடாது என்று பாட்டி சொல்லியனுப்பியிருந்தாராம். அங்கே இன்னும் பணம் இருக்கிறதாம்.