கூரத்து ஆண்டாளின் பொன்வட்டில்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வைணவ மரபில் கூரத்தாழ்வானின் ஊர். 11ஆம் நூற்றாண்டில் நிலமும் செல்வமும் மிகுந்த அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவர் வீட்டு அன்னசாலைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரதராஜர் கோயில்வரை கேட்டதாகக் குருபரம்பரைக் கதைகள் பெருமை பேசுகின்றன. அந்தச் சோற்றைச் சமைத்தவர்கள் யார், அதற்கான நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பது அந்தக் கதைகளில் இல்லை.

சொத்தையெல்லாம் துறந்து ஆழ்வான் திருவரங்கத்துக்கு, இராமானுசரிடம் புறப்பட்டார். மனைவி ஆண்டாளும் உடன் நடந்தார். காட்டுவழியில் அவர் அஞ்சியபோது, மடியில் ஏதும் இருந்தால்தானே பயம் என்றார் கணவர். அவர் நீர் அருந்துவதற்காக ஆண்டாள் ஒரு பொன்வட்டிலை எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கி வீசியெறிந்தார்.

இக்கதை ஆணின் துறவுக்கும் பெண்ணின் பற்றுக்கும் சான்றாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஆண்டாள் தனக்காக ஒரு நகையையும் எடுத்து வந்ததாகக் கதையே சொல்லவில்லை. நாளை கணவர் எதில் நீர் குடிப்பார் என்று அவர் யோசித்தார். வீட்டை விட்டு வெளியேறும்போது அப்படி யோசிப்பது பெண்ணின் வேலையாகவே இருந்திருக்கிறது. திருவரங்கத்தில் ஆழ்வான் பிச்சை ஏற்றார். கிடைத்ததைக் கொண்டு அடுப்பு மூட்டியவர் ஆண்டாள்.

பிறகு சோழ அரசன் இராமானுசரைத் தேடியபோது, குருவின் காவியை அணிந்து ஆழ்வான் அரசவைக்குச் சென்றார். பெரியநம்பியும் அவர் மகள் அத்துழாயும் உடன் போனார்கள். சிவனே பரம்பொருள் என்று கையொப்பமிட மறுத்ததால் ஆண்கள் இருவரும் கண்களை இழந்தார்கள் என்கிறது மரபு. பெரியநம்பி திரும்பும் வழியிலேயே இறந்தார். அந்த அரசன் யார், இது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. திருவரங்கக் கோயிலுக்குள் நுழைய இராமானுசர் உறவை மறுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆழ்வான் குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குப் போனார். அங்கே அவர் சுந்தரபாஹு ஸ்தவம் பாடினார். பார்வையற்ற கணவரோடும் இரு மகன்களோடும் ஆண்டாள் அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தார் என்று யாரும் பாடவில்லை.

20ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலும் இப்படி ஒரு குடும்பம் இருந்தது. நாஜிகளை எதிர்த்த நிலப்பிரபு ஹெல்முத் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கே 1945 ஜனவரி 23 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய கடிதங்களைப் பண்ணையின் தேனீப் பெட்டிகளில் ஒளித்துக் காத்தவர் மனைவி ஃப்ரேயா. போர் முடிந்த ஆண்டே, பண்ணையை இழந்து இரு மகன்களோடு வெளியேறினார். அவர் காத்த கடிதங்கள் 1988இல் நூலாயின. 2010இல் இறக்கும்வரை தன் பங்கையும் அவரால் சொல்ல முடிந்தது.

ஆண்டாளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் எழுதியதாக ஒரு வரியும் நம்மிடம் இல்லை. கூரத்தாழ்வானின் எதிர்ப்பை வாசிக்கும்போது, அதற்கு ஆண்டாளும் அத்துழாயும் கொடுத்த விலையையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும்.