மொஹீனின் குதிரைகள்

லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கித் திரும்பும் நம்மவர் அனைவர்க்கும் தேசப்பிரிய பூங்கா தெரியும். அதன் அருகே, ராஷ்பிகாரி அவென்யூவில், 1954 அக்டோபரில் டிராம் வண்டியில் அடிபட்டுச் சில நாட்களில் உயிர் நீத்தார் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ். அவர் கவிதையொன்றில் மொஹீன் என்பவனின் குதிரைகள் வருகின்றன. இருபது ஆண்டுகள் கழித்து இந்நகரின் இளைஞர் எழுவர் தம் இசைக்குழுவுக்கு அக்குதிரைகளின் பெயரையே சூட்டினர். 'மொஹீனேர் கோராகுலி' என்ற அப்பெயரை நம் பிள்ளைகள் அறிவர். நம்மில் மூத்தோர் பலர் அறியார்.

அக்காலத்தில் கல்கத்தாவின் மேனாட்டு இசை என்றால் அது பார்க் தெருதான். ட்ரிங்காஸ் போன்ற உணவு விடுதிகளில் இரவு தோறும் ஆங்கிலப் பாடல் ஒலித்தது. நம் உஷா ஐயர், பின்னாளைய உஷா உதுப், பட்டுப்புடவையும் பொட்டுமாகப் பாடிப் புகழ் பெற்றதும் அங்கேதான். மாநிலக் கல்லூரியில் உடலியல் பயின்ற கௌதம் சட்டோபாத்யாயும் அத்தெருவில் ஆங்கிலோ-இந்திய நண்பர்களோடு கிதார் வாசித்தவரே. பின்னர் நக்சல்பாரி இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டுச் சிறை சென்றார். விடுதலைக்குப் பின் சில காலம் வங்கத்துக்கு வெளியே, போபாலில் வாழ்ந்தார். ஊர் திரும்பியவர் 1975-இல் தம்பியர், உறவினர், நண்பர் ஆகியோரைத் திரட்டிக் குழு அமைத்தார். ரஞ்சன் கோஷால், தபஸ் தாஸ், வயலின் வாசித்த ஆபிரகாம் மஜும்தார் ஆகியோர் அவருள் சிலர்.

அன்றைய வங்க இளைஞன் பாட விரும்பினால் அவன்முன் இருந்த வழிகள் மூன்று: இரவீந்திர சங்கீதம், திரைப்பாட்டு, பார்க் தெரு ஆங்கிலம். மூன்றிலும் கேட்போர் ஆயத்தமாகக் காத்திருந்தனர். இவர்களோ கிதாரையும் வயலினையும் பாவுல் பாணர்களின் நாட்டுப்புற இசையோடு இணைத்து, தம் தெருவின் வறுமையையும் தனிமையையும் காதலையும் தாய்மொழியில் பாடினர். இன்று இஃது எளிதாகத் தோன்றும். அன்று இரவீந்திரரைத் தொழுத வீடுகளுக்கு இது கூச்சலாகவும், ராக் இசைப் பிரியர்களுக்கு நாட்டுப்புறமாகவும் பட்டது. இரு சாராரும் கைவிட்ட ஒரு கலைக்கு விற்பனை ஏது?

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கொன்றாக மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயரே 'கலங்கிய பறவைகளும் கல்கத்தாவும் பற்றி' என்று பொருள்படும். கட்டுரைத் தலைப்புப் போன்ற அப்பெயரில் ஒரு குறும்பு இருப்பதை நாம் இரசிக்கலாம். இரவீந்திர சதன் போன்ற அரங்குகளில் பாடினர். ஆயினும் வருவாயில்லை. 1981-இல் குழு கலைந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொழிலுக்குச் சென்றனர். கோஷால் பெங்களூரில் குடியேறினார். கௌதம் திரைப்படம் எடுத்தார். அவருடைய 'நாக்மொதி' தேசிய விருது பெற்றது.

தட்டுகள் கிடைக்காத நிலையிலும் பாடல்கள் கல்லூரி விடுதிகளில் வாய்வழியே வாழ்ந்தன என்பதே வியப்பு. 1995-இல் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று பொருள்படும் ஒலிநாடாவைக் கௌதம் வெளியிட்டார். அத்தலைப்பும் ஜீவனானந்தரின் சொல்லிலிருந்து எடுத்ததே. பழைய குழுவினர் மட்டுமன்றி, இளைய பாடகர் பலரையும் அதில் பாட வைத்தமை அவருடைய பெருந்தன்மை எனலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உலகம் சுருங்கிப் போவதைப் பற்றிய 'பிருதிபிடா நாகி' என்ற பாடல் அந்நாடாவில்தான் வந்தது. இம்முறை நகரம் செவி சாய்த்தது. வங்கமொழியில் ராக் பாடும் குழுக்கள் அடுத்தடுத்துத் தோன்றின.

கௌதம் 1999-இல் மறைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 2006-இல், 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் டாக்காவின் ஜேம்ஸ் பாடிய 'பீகி பீகி' நாடெங்கும் ஒலித்தது. அதன் மெட்டு 'பிருதிபிடா நாகி'யின் மெட்டே. வங்கம் அறியாத கோடிக்கணக்கானோர் அதை முணுமுணுத்தனர். இயற்றியவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்!

பிற்காலத்தில் தபஸ் தாஸ் புற்றுநோயால் நலிவுற்றபோது, அவருடைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த இசைஞர்கள் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டினர். 2023 ஜூனில் அவரும் மறைந்தார்.