தமிழ்நாட்டுக் கல்வியில் தனியார் மூலதனம்

தமிழ்நாட்டில் தனியார் பணம் கல்விக்குள் நன்கொடை, சுயநிதி, முதலீட்டு நிதி என மூன்று வழிகளில் வந்திருக்கிறது. இவற்றுள் முந்தியதும் ஆழமாக வேரூன்றியதும் நன்கொடையே. துபாஷியாக (மொழிபெயர்ப்பு இடைத்தரகராக) இருந்து பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். கோயில் தருமங்களுக்கென அவர் உயிலில் எழுதிவைத்த சொத்து நெடுங்காலம் வழக்கில் கிடந்தது. தருமங்கள் போக மிஞ்சிய தொகையைக் கொண்டு 1842-இல் சென்னையில் ஒரு பள்ளி திறக்கப்பட்டு, 1889-இல் கல்லூரியானது. கோவை பீளமேட்டில் 1926-இல் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் பாகம் பிரித்தபோது, சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு ஐந்தாவதைத் தருமத்துக்கு எழுதிவைத்தனர். அந்த ஐந்தாம் பங்கின் வழியில் வந்ததுதான் 1951-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி. எழுதிவைத்த பணத்தைத் திரும்பக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கால் நூற்றாண்டு பொறுத்திருந்து ஒரு கல்லூரியை எழுப்பும் நிதானம் அந்த உரிமைத் துறப்பிலிருந்தே வந்தது.

நன்கொடைக்கும் வேலியும் சரிவும் இருந்தனவே என்பது நியாயமான மறுப்பு. பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது. செட்டிநாட்டுச் செல்வத்தில் 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-இல் அரசின் பொறுப்புக்குப் போனது. ஆனால் முதலாவது, கொடுத்த காலத்தின் குறை, பின்னர் நீக்கப்பட்டது. இரண்டாவது, நிர்வாகத்தின் குறை. இரண்டிலுமே நிலமும் கட்டடமும் மாணவர்களுக்கே மிஞ்சின.

1984-க்குப் பின் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அனுமதி பெற்ற சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. போட்ட பணமும் வங்கிக் கடனும் மாணவர் கட்டணத்திலிருந்தே மீள வேண்டும். இடம் தரக் கேட்கும் கட்டாய நன்கொடை வசூலுக்கு 1992-இல் மாநிலச் சட்டம் தடை போட்டது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயமான உபரியை ஏற்று, கொள்ளை லாபத்தை மறுத்தது. ஆனாலும் கல்லூரியைப் பெயரளவில் அறக்கட்டளை நடத்த, கட்டட வாடகையாகவும் நிர்வாகச் சேவைக் கட்டணமாகவும் உபரி உறவு நிறுவனங்களுக்குப் போக வழி திறந்தே இருக்கிறது. இக்கல்லூரிகள் இல்லாவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் முதல் பட்டதாரியைக் கண்டிருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையை ஏற்பது அரசு. மீதிக்குக் கடன்படுவது பெற்றோர். திறந்த கதவின் செலவை உரிமையாளர் மட்டும் சுமக்கவில்லை.

மூன்றாம் வழியான முதலீட்டு நிதி இணையவழிக் கல்வியில் பெருகியது. 2022-இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட பெங்களூரு நிறுவனமான பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது.