கங்காணியும் மனச்சாட்சியும்

பதுளைக் கடைகளில் 'கண்காணிப்பு கமரா உண்டு' என்ற அறிவிப்பைக் கண்டால் எனக்குக் கங்காணியின் ஞாபகந்தான் வரும். சோழர் கல்வெட்டுகளில் 'கண்காணி' கோயில் காரியங்களை மேற்பார்த்தவர். ஊவாத் தேயிலை மலைகளில் அது 'கங்காணி'யாக மருவி, ஆள்சேர்த்து வந்து, தலைக்காசு வாங்கி, வேலைவாங்கியவரைக் குறித்தது. ஆங்கிலமும் அச்சொல்லைக் கடன்வாங்கியது. கங்காணி அடுத்த நிரைக்குப் போனபின்னும் முற்றல் இலை கலக்காமல் கொழுந்து கிள்ளுகிறவரிடம் இருப்பது மனச்சாட்சி. வடசொல்லான 'சாட்சி'யின் வேரிலும் கண்தான் இருக்கிறது. சாட்சிக்குப் பழந்தமிழ் 'கரி' என்றது. இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான். ஆகவே மனச்சாட்சிக்கு ஈடான தமிழ்ச்சொல்லாக, குறள் பொய்யைப் பற்றிப் பேசுகையில் கையாளும் 'நெஞ்சு' போதும் என்பேன். 'என் நெஞ்சறிய எடுக்கவில்லை' என்று நம் சனங்கள் இன்றும் சொல்கிறார்களே.