எழும்பூர் மணலில் எழுதிய பிள்ளைகள்



ஒரு தொடக்கப் பள்ளி நல்ல பள்ளிதானா என்று அறிய நீங்கள் எதைக் கேட்பீர்கள்? கட்டணம் எவ்வளவு, ஆங்கில வழியா, வாகன வசதி உண்டா என்று கேட்போம். அங்கே பிள்ளை அச்சமின்றி உட்காருகிறதா, பின்தங்கினால் அதைக் கவனிப்பார் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய சரித்திரம் உண்டு.

1789ஆம் ஆண்டு எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஓர் அநாதை இல்லம் தொடங்கப்பட்டது. கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளே அங்கே சேர்க்கப்பட்டனர். தகப்பன் இறந்திருப்பான், அல்லது பிள்ளையைப் பேண இயலாத நிலையில் இருப்பான். பொய்யும் பிடிவாதமும் இவர்களுடைய பிறவிக்குணம் என்று அக்கால வெள்ளையர் பலர் நினைத்தனர். அதற்குத் தாய்மாரையே காரணமாகவும் காட்டினர். அந்த இல்லத்தின் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து குருவானவர். இப்பணிக்கு அளிக்க முன்வந்த சம்பளத்தை அவர் மறுத்துவிட்டார். ஆனாலும் அவரை ஏழைத் துறவியாக எண்ணிவிட வேண்டாம். பல படைப்பிரிவுகளின் குருப் பதவிகளை ஒரே காலத்தில் வகித்து, நல்ல செல்வத்தோடு ஊர் திரும்பியவர் அவர்.

இல்லத்து ஆசிரியர்களோ, மாற்றத்தை விரும்பாதவர்கள். ஒரு நாள் குதிரையில் செல்லும் வழியில், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார் பெல். நம் முன்னோருக்குப் பழகிய திண்ணைப் பள்ளி முறைதான் அது. ஏடும் எழுதுகோலும் செலவாவதில்லை. தவறாக எழுதினால் கையால் ஒரு முறை தடவினால் போதும். பிள்ளையின் பிழை அழிந்துபோகும். இல்லத்தின் கீழ் வகுப்புக்கும் இவ்வாறே எழுத்துக் கற்பிக்கும்படி பெல் சொன்னார். வகுப்பாசிரியர் அது ஆகாத காரியம் என்றார். அப்பொழுது பெல் ஜான் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். ஆசிரியர் ஆகாது என்றதை அவன் செய்து காட்டினான்.

அதன்பின் பள்ளி முழுவதையும் பெல் இவ்வழியிலேயே அமைத்தார். திண்ணைப் பள்ளியில் நாம் சட்டாம்பிள்ளை என்று அழைத்த மூத்த மாணவனின் பொறுப்பு அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தது. தேர்ந்த பிள்ளைக்கு அருகில் தடுமாறும் பிள்ளை அமர்ந்தது. பாடங்கள் சிறியவை, ஒன்றை முழுவதும் அறியாமல் அடுத்ததற்குச் செல்ல விடுவதில்லை. தண்டனைக் காரியத்தில் மட்டும் அவர் திண்ணைப் பள்ளியைப் பின்பற்றவில்லை. அங்கே பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்றொரு தண்டனை இருந்ததை நம்மில் முதியோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெல் பிரம்பை வெறுத்தார். குற்றங்கள் ஒரு கறுப்பு ஏட்டில் எழுதப்பட்டன. வாரம் ஒருமுறை பிள்ளைகளே நடுவர்களாக அமர்ந்து அவற்றை விசாரித்தனர். பொய்யர் என்று தூற்றப்பட்ட பிள்ளைகளின் கையில் நீதியை ஒப்படைப்பது எத்தனை துணிவான செயல்!

பெல் 1796இல் சென்னையை விட்டுச் சென்றார். மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கரும் இதை ஒத்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவரும் பிரம்பை விரும்பாதவர்தாம். ஆனால் தவறு செய்த பிள்ளையைக் கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மற்றவர்கள் காணச் செய்தார். எழும்பூருக்கு வராத கோதண்டம் வேறு உருவில் லண்டனுக்கு வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1811இல் இங்கிலாந்து திருச்சபையினர் ஏழைகளின் கல்விக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்து, மெட்ராஸ் முறை என்ற பெயராலேயே ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தினர். எழுத்தறியாத எத்தனையோ குடும்பங்களில் வாசிப்பு நுழைந்தது இவ்வழியாகத்தான். அதைக் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் பலரை இம்முறையிடம் இழுத்தது அதன் மலிவு. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், சம்பளமற்ற சிறுவர்களாகிய உதவியாளர்கள். தானே அரைகுறையாய்க் கற்றதைச் சிறுவன் ஒப்புவிக்க, மற்றவர்கள் திரும்பச் சொன்னார்கள். பெல்லுங்கூட, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பது தமது நோக்கமன்று என்று பிற்பாடு எழுதினார். எட்டு வயதுப் பிரிஸ்கினை நம்பிய மனிதரா இதை எழுதினார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அன்பானவர்களே, சீஷர்கள் அதட்டிய பிள்ளைகளை ஆண்டவர் அணைத்துக்கொண்டபோது அவர்கள் எத்தனை பேர் என்று சுவிசேஷம் கணக்கிடவில்லை. எழும்பூரிலும் அந்த முறைக்கு உயிர் தந்தது, தடுமாறும் பிள்ளை எது என்று அறிந்து அதன் அருகில் ஒருவனை உட்கார வைத்த கவனம். லண்டனில் மணலும் சட்டாம்பிள்ளையும் இருந்தும், பெருங்கூட்டத்தில் அந்தக் கவனத்துக்கு இடமில்லாமற் போயிற்று. நம் திருச்சபைகள் நடத்தும் தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் பணியிடமும் உங்கள் கூட்டங்களில் தவறாமல் பேசப்படுகின்றன. மூன்றாம் வகுப்பில் இன்னும் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் யார், அவர்கள் அருகில் அமர்வது யார் என்பதும் பேசப்படட்டும்.

இங்கிலாந்தில் 1846இல் சட்டாம்பிள்ளை முறைக்கு மாற்று வந்தது. பதின்மூன்று வயது நிறைந்தவர்களைத் தேர்ந்து, ஊதியம் கொடுத்து, ஐந்து ஆண்டு ஆசிரியப் பயிற்சி அளிக்க அரசு முன்வந்தது. பெல் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1832இல், மரித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டிருந்தார். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தைக்கொண்டு 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயரிட்டார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்றும் அப்பெயரிலேயே அங்கே படிக்கிறார்கள்.