வோல்டேஜைக் கைமாற்றிய வாளிகள்

மாடுலர் சிந்தசைசர் பற்றிக் குறிப்பு சேர்க்கும்போது என்னை ரொம்ப நேரம் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன மாட்யூல்தான்: அனலாக் ஷிப்ட் ரெஜிஸ்டர். பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே கம்ப்யூட்டரே கிடையாது.

1970களின் தொடக்கம். கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரி. பூக்லா சிந்தசைசர் அருமையான கருவி, ஆனால் சொந்தமாக வாங்க விலை கட்டுப்படியாகாது. அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இசையமைப்பாளர் செர்ஜ் செரெப்னின், ரிச் கோல்ட், ராண்டி கோஹன் ஆகியோரோடு சேர்ந்து வீட்டிலேயே மாட்யூல்கள் செய்ய ஆரம்பித்தார். அதுதான் செர்ஜ் மாடுலர். அந்தப் பத்தாண்டிலேயே அந்த வரிசையில் இதுவும் வந்துவிட்டது.

வேலை இதுதான். சீக்வென்சரிலிருந்து ஒரு வோல்டேஜ் வருகிறது. பல்ஸ் அடித்ததும் முதல் படி அதைப் பிடித்து வைக்கும். அடுத்த பல்ஸில் அது இரண்டாம் படிக்குப் போகும், முதல் படி புதியதைப் பிடிக்கும். மூன்று படிகளையும் மூன்று ஆசிலேட்டர்களுக்குக் கொடுத்தால், ஒரே மெட்டை மூன்று குரல்கள் துரத்தும். மேற்கத்திய இசையில் கேனன் என்கிறார்களே, அதேதான். செர்ஜின் அப்பாவும் தாத்தாவும்கூட இசையமைப்பாளர்கள். அந்த வீட்டுக்குக் கேனன் புதுசா என்ன!

சிக்கல் எங்கே என்றால், எல்லாப் படியும் ஒரே நேரத்தில் திறந்தால் புது வோல்டேஜ் கடைசிவரை ஓடிவிடும். அதனால் கடைசிப் படி முதலில் வாங்கணும், பிறகு நடுப்படி, கடைசியாக முதல் படி. கூட்டமான பஸ்ஸில் உள்ளே நிற்பவர் நகர்ந்தால்தானே படியில் தொங்குபவர் ஏற முடியும்?

பிடித்து வைப்பது ஒரு கெப்பாசிட்டர். அது ஓட்டைப் பானை, கசியும். ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்றால் அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட்தான். 10 மில்லிவோல்ட் நழுவினாலே நல்ல காது கண்டுபிடித்துவிடும். கைமாறும்போதெல்லாம் பிழையும் கொஞ்சம் சேரும். மூன்றாம் குரலுக்குத்தான் அதிக அடி.

இதே யோசனையை 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் ஒரே சிப்புக்குள் வைத்தார்கள். தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதை வைத்துப் பெயரே ‘பக்கெட் பிரிகேட்’. அங்கே நொடிக்குப் பல்லாயிரம் கைமாற்றம். எக்கோ பெடல்கள் அதில்தான் ஓடின.

2012இல் டாம் விட்வெல்லின் டியூரிங் மெஷின் வந்தது. அதில் நகர்வது வெறும் 0, 1. நாள் முழுக்க ஓடினாலும் சுருதி கசியாது. எனக்கென்னவோ பழையதுதான் பிடிக்கிறது: பல்ஸை மெதுவாக்கினால், அடுத்தது வருவதற்குள் மூன்று குரல்களும் லேசாக வழுக்கும்.